மேனேஜரின் காத்திருப்புக் காலம்

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் கோபுரங்களை வைத்து அளப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். அந்த நாகரிகத்தில் வாழும் பூனைகளின் பெயரில் எத்தனை பக்கக் காகிதம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த அளவுகோலின்படி நம் காலத்தில் நாகரிகம் உச்சத்தைத் தொட்ட இடம், இரண்டாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட கமாவின் வீடு. அங்கே வாழ்ந்த பூனையின் பெயரில் நாற்பத்தெட்டுப் பக்கம் இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை. கமாவின் திருமணச் சான்றிதழே ஒரு பக்கம்தான், அதிலும் பின்பக்கம் காலி.

கமா என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைக்கிறார்களே, யாரும் படிக்காத தாள், அதை அச்சடிக்கும் அச்சகத்தில் அவர் முப்பத்தோரு வருடமாகப் பிழை திருத்துகிறார். 'மயக்கம், வாந்தி, அரிதாக மரணம்' என்ற வரியில் வாந்திக்குப் பின்னால் கமா விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, அடித்து முடித்த ஒரு லட்சம் தாள்களைக் குப்பைக்கு அனுப்பிய நாளில் சக ஊழியர்கள் சூட்டிய பட்டம் அது. மற்றவர்கள் அதைக் கேலி என்று நினைத்தார்கள். அவர் விருது என்று நினைத்தார். பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவனை இந்த உலகத்தில் யாராலும் ஏமாற்ற முடியாது என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். அருமையான தத்துவம். ஒருவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதற்கு எழுத்தே தேவையில்லை என்பது மட்டும் அதில் அச்சாகாமல் விட்டுப்போயிருந்தது.

பூனைக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தவள் கல்லூரியில் படிக்கும் மகள். காலை பத்து மணிக்கு மேல் எழுந்து, ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்து, யார் தட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்து, எதிலும் திருப்தி இல்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வதால் அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. கமா அதை 'அவர்' என்றுதான் குறிப்பிடுவார். சாயங்காலம் கமா வீட்டிலும் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்காரும்போது மேனேஜர் மடியில் ஏறிக்கொள்வார். கால் மரத்துப்போகும். ஆனாலும் கமா அசையமாட்டார். மனைவி காபியைக் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தன் வாழ்நாளில் இந்த ஒரு மேனேஜரிடம்தான் மனதார வேலை செய்ததாக அவர் சொல்லிக்கொள்வதுண்டு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதில் அவனுடைய நாயின் புகைப்படமும் பத்து இலக்க எண்ணும் இருந்தன. நாய்க்குக் காப்பீடு. படத்தில் நாய் மச்சினனைவிடப் பொறுப்பானதாகத் தெரிந்தது.

"உங்க பூனைக்கு என்ன ஏற்பாடு பண்ணி வச்சிருக்கீங்க அத்தான்?" என்று கேட்டான்.

கமா யோசித்துப் பார்த்தார். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுவந்தார்கள். மடி கொடுத்துவந்தார்கள். அதுவரை அது ஒரு ஏற்பாடாகத்தான் தோன்றியிருந்தது. அந்த அட்டையைப் பார்த்த பிறகு அநாதை ஆசிரமம் நடத்துவதைப் போல இருந்தது.

அடுத்த ஐந்து வாரங்கள் அந்த வீட்டின் பொற்காலம். ஒரு நிறுவனத்தின் ஏஜென்ட் வந்து, 'மீசை', 'மீசை பிளஸ்', 'மீசை மகாராஜா' என்று மூன்று திட்டங்களைப் பரப்பினான். வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். வாடிக்கையாளர் வந்து அவனுடைய ஷூவை முகர்ந்துவிட்டுப் போனார். இவ்வளவு குறைவாகக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளரைத் தான் பார்த்ததே இல்லை என்று ஏஜென்ட் சொன்னான். கேள்விகளை எல்லாம் கமா கேட்டார்.

சாப்பாட்டு மேஜையில் வாரம் இரண்டு 'குடும்ப ஆலோசனைக் கூட்டம்' நடந்தது. பொருள்: மேனேஜரின் எதிர்காலம். கூட்டக் குறிப்புகளை கமாவே எழுதி, கமாவே வாசித்து, கமாவே ஏற்றுக்கொண்டார். மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாதவர்களை நாள் முழுக்க நடக்கவைத்துவிட்டு வருகிறவள். மாதாமாதம் கட்டப்போகிற பணத்தை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் பூனைக்கு உடம்பு சரியில்லாதபோது எடுத்துக்கொள்ளலாமே என்று அவள் சொன்னாள். 'ஆலோசனை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது' என்று குறிப்பில் ஏறியது. கனிவுடன் பரிசீலிக்கப்பட்டவை அலுவலகங்களில் எங்கே போகுமோ அங்கே அதுவும் போனது.

பொடி எழுத்துகளில் கமா மூழ்கினார். அதில் கிடைத்த முத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. பூனை உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டால் அது 'விபத்து'. ஆனால் காலூன்றி விழுந்தால் அது விபத்து அல்ல, 'இறங்குதல்'. சண்டையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு, சண்டையை ஆரம்பித்தது மற்ற பூனைதான் என்பதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். விண்ணப்பப் படிவமோ மனிதர்களுக்கானதை அப்படியே தூக்கிப் போட்டது. தந்தை பெயர் கேட்டிருந்தார்கள். புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். தொழில் என்ற இடத்தில் கமா நீண்ட நேரம் யோசித்து 'மேற்பார்வை' என்று எழுதினார்.

ஐந்தாவது வாரத்தில் 'மீசை பிளஸ்' தேர்வு பெற்றது. மகாராஜா திட்டத்தில் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் மேனேஜர் தூங்கும் தூக்கத்தைப் பார்த்தால் அது ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் என்பது கமாவின் முன்யோசனை. கூடவே, அந்த நாற்பத்தெட்டுப் பக்கத்தில் தான் கண்டுபிடித்த அறுபத்து மூன்று அச்சுப்பிழைகளையும் பட்டியலிட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். அவர்கள் நன்றிக் கடிதம் எழுதினார்கள். தங்கள் பாலிசியை முழுவதும் படித்த முதல் மனிதர் அவர்தான் என்று அதில் இருந்தது. எழுதிய நிறுவனத்துக்கே அந்தப் பாக்கியம் கிட்டவில்லை போலிருக்கிறது. கமா அதை லேமினேட் செய்துகொண்டார்.

பாலிசியின் இதயம் முப்பத்தோராம் பக்கத்தில் துடித்தது. முதல் முப்பது நாட்கள் 'காத்திருப்புக் காலம்'. அந்த நாட்களில் குடும்ப உறுப்பினர் எவராலும் 'காணப்பட்ட, உணரப்பட்ட அல்லது பேசப்பட்ட' நோய்க்குறி எதுவானாலும் அது 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். பிறகு அந்த நோய்க்கும் அதன் பங்காளி நோய்களுக்கும் ஆயுள் முழுக்க ஒன்றும் கிடையாது. வாக்கியத்தின் கட்டுக்கோப்பை கமா வாய்விட்டுப் பாராட்டினார். காலண்டரில் முப்பது கட்டம் போட்டு, தினமும் காலையில் ஒன்றை அடித்துவந்தார்.

பத்தொன்பதாம் நாள் காலை. சமையலறை ஜன்னல் வழியாக மேனேஜர் உள்ளே குதித்தார். மூன்று கால்களில் குதித்தார். நான்காவதை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "இடது பின்னங்கால ஊனவே மாட்டேங்குது. நொண்டுதுங்க."

கமா கையை உயர்த்தினார். "நீ எதையும் பாக்கலை."

"என் கண்ணு முன்னாடி நொண்டுது."

"பாத்தது 'காணப்பட்ட'. இப்ப நீ சொன்னது 'பேசப்பட்ட'. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. தயவுசெஞ்சு தொட்டு வேற பாத்துடாதே."

அவள் இருபது வருடமாக நொண்டுகிறவர்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். எது நொண்டல் என்று தனக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்பதுதான் சிக்கல், தெரியாதவர்கள் இந்த வீட்டில் அதிகமாக இருந்தால் நல்லது என்றார் கமா. பூனைகளுக்குச் சின்னச் சின்ன அடி தானாக ஆறும் என்பதால் அவளும் இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று இறங்கிவந்தாள்.

அன்றே குளிர்பெட்டிக் கதவில் ஒரு சுற்றறிக்கை ஏறியது. மேனேஜரின் இடுப்புக்குக் கீழே யாரும் பார்க்கக் கூடாது. 'அந்த வார்த்தை' வீட்டில் புழங்கக் கூடாது. தவிர்க்க முடியாத சந்தர்ப்பங்களில் 'நிதானமாக நடக்கிறார்' என்று சொல்லலாம். வீட்டாரும் ஒத்துழைத்தார்கள். பூனை கூடத்தைக் கடந்தால் மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு. ஒரு குடும்பம் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு திசையில் பார்த்ததை அக்கம்பக்கத்தில் யாரும் கண்டதில்லை.

மூன்றாம் நாள் மகள் கேட்டாள், "நாம பாக்கலைன்னா அதுக்கு வலிக்காதாப்பா?"

அந்தக் கேள்வி பாலிசியின் வரம்புக்குள் வராது என்று கமா பதில் சொன்னார். சொல்லிவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். பார்ப்பதற்கு அவருக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பான இடமாக இருந்தது.

சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. ஏஜென்டுக்குப் போன் செய்தார்.

"ஒரு பூனை இருக்குன்னு வச்சுக்குங்க. நம்ம பூனை இல்லை. பொதுவா ஒரு பூனை."

"சொல்லுங்க சார்."

"அது கொஞ்சம் நிதானமா நடக்குது."

"எவ்வளவு நிதானமா சார்?"

"மூணு கால்ல."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஏஜென்ட் தாழ்ந்த குரலில், "சார், இந்த அழைப்பு பதிவாகுது. நீங்க கேட்டது எனக்குக் கேக்கலை. நீங்களும் கேக்கலை. நான் வச்சிடறேன்" என்றான். கமா அவனுடைய தொழில் நேர்மையை மெச்சினார்.

இருபத்தைந்தாம் நாள் மேனேஜர் சாப்பிடவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்க்கவும் இல்லை. கமாவின் துணி அலமாரிக்குள், அடித்தட்டில், பழைய சட்டைகளின் மேல் சுருண்டுகொண்டார். கமா அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முப்பத்தோராம் பக்கத்தை அவருக்கு நிதானமாக விளக்கினார். இது அவருடைய நன்மைக்குத்தான். இன்னும் ஐந்தே கட்டங்கள். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க எக்ஸ்ரே என்ன, ஊசி என்ன, ராஜ வைத்தியம்தான். மேனேஜர் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார். கமாவின் கை, தன்னை அறியாமல், அவருடைய முதுகைத் தடவியது. சட்டென்று எடுத்துக்கொண்டார். முதுகு கொதித்தது. அதாவது, 'உணரப்பட்ட'.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மனைவி அலமாரிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். அவள் சத்தம் போடவில்லை. நாளைக்கு மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வருவதாகவும், பூனையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகப்போவதாகவும், பாலிசியை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வரலாம் என்றும் சொன்னாள். அவள் சத்தம் போடாமல் பேசினால் கூட்டக் குறிப்பில் ஏற்ற முடியாது. கமா வேலைக்குப் போனார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில், தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மகளுக்குப் போன் செய்து கெஞ்சினார்.

"மேனேஜர் காலை யாரும் பாக்காதீங்க. அம்மாகிட்ட நீ எடுத்துச் சொல்லு. இன்னும் நாலு நாள் தாங்கிட்டார்னா போதும். அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆனாலும் நமக்குக் கவலை இல்லை."

திரும்பிப் பார்த்தால் அச்சகத்தின் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நிஜ மேனேஜர். கனத்த உடம்புக்காரர், சர்க்கரை நோய்க்காரர். இரண்டு மாதமாக இடது காலை இழுத்து இழுத்து நடந்துவந்தார். யாராவது கேட்டால் புது ஷூ சரியில்லை என்பார். அவர் கமாவை ஒரு பார்வை பார்த்தார். தன் காலை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி, மிக மெதுவாக நடந்து வெளியே போனார். அதற்குப் பிறகு அன்று அவரை யாரும் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருட வேலை போயிற்று என்று கமா முடிவுகட்டினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனால் மேனேஜரின் இடது பாதம் ஒரு ஸ்டூலின் மேல், பெரிய கட்டோடு இருந்தது.

"உக்காருங்க கமா" என்றார். அந்த அறையில் அவர் யாரையும் உட்காரச் சொன்னதாக வரலாறு இல்லை.

"நேத்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதத்துக்கு அடியில புண்ணு. சர்க்கரை இருக்கறதால வலியே தெரியலையாம். உள்ள சீழ் பிடிச்சிருந்தது. கிழிச்சு எடுத்தாங்க. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். நாலு நாள், கமா. நீங்க சொன்ன அதே கணக்கு." கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் சற்று நகர்த்திக்கொண்டார். "என் பொண்டாட்டிகூட ஷூதான்னு நம்பிட்டா. நீங்க ஒருத்தர்தான் வீட்டுக்குப் போன் பண்ணி வருத்தப்பட்டிருக்கீங்க. உங்க கண்ணு சாதாரணக் கண்ணு இல்லை."

கமா எதிரே இருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் தப்பித்திருக்கிறான், வேறொரு பிராணியைக் குறித்து அவர் சொன்ன கெட்ட புத்தியைத் தற்செயலாகக் கேட்டதால். அந்தப் பிராணி அவருடைய பழைய சட்டைகளின் மேல் கொதித்துக்கொண்டு கிடக்கிறது.

"அரைநாள் லீவு வேணும் சார்" என்றார்.

"எதுக்கு?"

"மேனேஜரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும் சார்."

மேனேஜரின் கண்கள் நிறைந்துவிட்டன. "நான்தான் போயிட்டு வந்துட்டேனே கமா" என்றார்.

விளக்கம் சொல்ல நேரமில்லை. கமா ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள், ஏதோ தாளில் கமா விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். வீட்டுப் படியில் மனைவி பூனைக்கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். அவர் கூடையை வாங்கிக்கொண்டார். போன மாதம் பூனையை நிறுத்துப் பார்த்தபோது இருந்த எடைகூட அதில் இல்லை. ஆட்டோவில் மடிமேல் கூடையை வைத்துக்கொண்டு, முதல் தடவையாகக் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். கால் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. விரல்களுக்கு நடுவே ரோமம் கறுத்து ஒட்டிக்கிடந்தது. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கால்நடை மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. காலைத் தொட்டதுமே முகம் மாறியது. வேறு பூனை கடித்த காயம், உள்ளே சீழ் கட்டி எலும்புவரை போயிருக்கிறது என்றார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அவரைக் கேளுங்க டாக்டர். அவர்தான் நாளை எண்ணிக்கிட்டிருந்தார்."

கமா வாயைத் திறந்தார். நேற்று என்று சொன்னால் பாலிசி பிழைக்காது, மானமாவது பிழைக்கும். எத்தனை நாள் சீழ் என்பதைப் பொறுத்துத்தான் மருந்து என்று டாக்டரம்மா ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"எட்டு நாள், டாக்டர்."

"முதல் ரெண்டு நாள்ல வந்திருந்தா ஒரு சின்னக் கீறல், அஞ்சு நாள் மாத்திரை. அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கமா வீட்டுக்கு வந்து அதையாவது நினைத்துக் கோபப்பட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு விரல்கள் போயின. கால் மிஞ்சியது. உயிர் மிஞ்சுமா என்று தெரிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் கமா காலண்டர் பக்கம் போகவில்லை. வெறும் மடியோடு உட்கார்ந்து தாள் திருத்தினார். 'மரணம்' என்ற சொல்லில் எழுத்து மாறிப்போனதைக் கண்டும் காணாமல் விட்டார். மகள் சுற்றறிக்கையைக் கிழித்ததைப் பார்த்தார், அதையும் ஒன்றும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் மேனேஜர் வீடு திரும்பினார். கூடையைத் திறந்ததும் இறங்கி, நொண்டிக்கொண்டே கூடத்தைக் கடந்தார். மனைவி பார்த்தாள், மகள் பார்த்தாள், கமாவும் பார்த்தார். தன்னிடம் வரமாட்டார் என்று எதிர்பார்த்தார். வராமல் இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மேனேஜர் நேரே வந்து, இரண்டு முறை முயன்று, அவர் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டார்.

அடுத்த வாரம் ஏஜென்ட் ஆறு பக்கப் படிவத்தோடு வந்தான். கிளெய்ம் கிடைக்காது என்று தெரிந்தும் எதற்கு இது என்று கமா கேட்டார். நிராகரிப்பதற்கும் விண்ணப்பம் வேண்டும், விண்ணப்பிக்காதவரை நிறுவனம் எப்படி நிராகரிக்கும் என்று அவன் பொறுமையாக விளக்கினான். இவ்வளவு தெளிவான நிர்வாகத்துக்கு முன்னால் கமா பேனாவை எடுத்தார். வாடிக்கையாளர் பெயர், எடை, தொழில் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் நிரப்பினார். விரல்களின் எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்தார். ஆறாம் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. 'சிகிச்சை தாமதமானதற்குக் காரணம். ஒரே வரியில் எழுதவும்.'

'வெளியூர் போயிருந்தோம்' என்று எழுதிவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று ஏஜென்ட் ஆலோசனை சொன்னான். மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் மடியில் தூங்கிக்கொண்டிருந்ததால், கமா உடம்பை அசைக்காமல், கையை மட்டும் நீட்டி, எழுத்தெழுத்தாக எழுதினார்:

'பூனைக்குக் காப்பீடு எடுத்திருந்தேன்.'